வீங்கிய உடலும் வற்றிய குழாயும்

கருவுற்ற பெண்ணின் உடலில் பேறுகாலம் நெருங்கும்போது இரத்தத்தின் மொத்த அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடிவிடுகிறது. இதயம் நிமிடந்தோறும் வெளியே தள்ளும் இரத்தமும் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை உயர்கிறது. மூடிய குழாய்களுக்குள் நீரைக் கூட்டி, அதைத் தள்ளும் மோட்டாரையும் விரைவாக ஓடவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் ஏறியே தீர வேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பர். நலமான கர்ப்பத்தில் நடப்பது இதற்கு நேர்மாறானது. நான்காம் ஐந்தாம் மாதங்களில் இரத்த அழுத்தம் கருவுறுவதற்கு முன்பிருந்த அளவைக் காட்டிலும் சற்றே இறங்கி, கடைசி மாதங்களில்தான் மெல்லப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. இந்தப் புதிரின் விடையிலேயே, சில பெண்களுக்கு அதே கர்ப்பத்தில் அழுத்தம் ஏன் உயிரைப் பறிக்கும் அளவுக்கு ஏறுகிறது என்பதற்கும், அப்போது மருத்துவர்கள் எதை எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்பதற்கும் வழி இருக்கிறது.

தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயைக் கையில் பிடித்தவர்களுக்கு விடையின் பாதி தெரியும். குழாயின் வாயைப் பெருவிரலால் பாதி அடைத்தால், மோட்டார் முன்போலவே ஓடினாலும் குழாய் விறைத்துக்கொள்கிறது. விரலை எடுத்துவிட்டு மோட்டாரின் வேகத்தைக் கூட்டினாலும் அது விறைக்கிறது. வெளியிலிருந்து அமுக்கிப் பார்க்கும் கைக்கு இரண்டு விறைப்பும் ஒன்றுதான். ஆனால் முதல் நிலையில் பாத்திக்குப் போய்ச் சேரும் நீர் குறைவு, இரண்டாம் நிலையில் மிகுதி. உடலில் மோட்டாரின் வேலைக்கு ‘இதய வெளியீடு’ என்றும், விரலின் வேலைக்குக் ‘குழாய்த் தடை’ என்றும் பெயர். நுண்தமனிகள் எனப்படும் மெல்லிய கிளைகள் தம் தசைச் சுவரைச் சுருக்கியும் தளர்த்தியும் இந்தத் தடையைக் கூட்டிக் குறைக்கின்றன. மோட்டாருக்குக் கிணற்றில் எவ்வளவு நீர் ஊறி நிற்கிறது என்பதைப் போல, இதயத்துக்குத் திரும்பி வந்து அதை நிரப்பும் இரத்தத்தின் அளவு மூன்றாவது. அதை ‘நிரப்பு’ எனலாம். கைப்பட்டைக் கருவி காட்டும் இரத்த அழுத்தம் இம்மூன்றும் சேர்ந்து உண்டாக்கிய விளைவு மட்டுமே. மூன்றில் எது எவ்வளவு என்பதை அந்த எண்ணிலிருந்து பிரித்தெடுக்க இயலாது.

நலமான கர்ப்பத்தில் அழுத்தம் இறங்குவதற்குக் காரணம், இதய வெளியீடு ஏறும் வேகத்தைக் காட்டிலும் குழாய்த் தடை விரைவாக விழுந்துவிடுவதே. ஸ்டீவன் கிளார்க் குழுவினர் 1989இல் வெளியிட்ட ஆய்வில், நலமாக இருந்த பத்துப் பெண்கள் கர்ப்பத்தின் 36 முதல் 38 வாரங்களிலும், பிள்ளை பெற்று மூன்று மாதங்கள் ஆகும் தறுவாயில் மீண்டும் ஒருமுறையும் இதயத்துக்குள் நுண்குழாய் செலுத்தி அளக்க முன்வந்தனர். பேறுகாலத்துக்குப் பின் நிமிடத்துக்கு 4.3 லிட்டராக இருந்த அவர்களுடைய இதய வெளியீடு கர்ப்பத்தின் இறுதியில் 6.2 லிட்டராக இருந்தது. அழுத்தம் பழைய நிலைக்குத் திரும்பும் அந்தக் கட்டத்திலும் குழாய்த் தடை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தே இருந்தது. கர்ப்பிணியின் இயல்பான இரத்த ஓட்டம் எது என்பதற்கு இன்றும் எடுத்துக்காட்டப்படும் அளவுகள் இவை. நலமாயிருந்தும் இத்தகைய சோதனைக்கு உடன்பட்ட அந்தப் பத்துப் பேருக்கு மருத்துவம் கடன்பட்டிருக்கிறது.

தடை குறைவதில் கருப்பைக்குத் தனிப் பங்கு உண்டு. கருப்பைச் சுவருக்குள் சுருள் வடிவில் ஏறும் தமனிகளுக்குச் ‘சுருள் தமனிகள்’ என்று பெயர். நஞ்சுக்கொடி உருவாகும்போது அதன் கலங்கள் இந்தத் தமனிகளுக்குள் புகுந்து, சுருங்கி விரியும் தசைச் சுவரைக் கரைத்து, குறுகிய குழாயைப் புனல்போல் அகன்ற வாயாக மாற்றிவிடுகின்றன; அதன்பின் தாயின் நரம்புகளோ சுரப்புநீர்களோ ஆணையிட்டாலும் அந்தக் குழாய் சுருங்காது. குறுகிய ஒற்றையடிப் பாதையைக் கரை வெட்டி வண்டிப் பாதையாக அகலப்படுத்துவது போன்ற இந்த வேலை சில கர்ப்பங்களில் அரைகுறையாக நின்றுவிடுகிறது. குழாய் குறுகலாகவே இருப்பதால் நஞ்சுக்கொடிக்கு வேண்டிய இரத்தம் போதாமல் போகிறது; அதன் விளைவு மாதங்கள் கழித்துத் தாயின் உடல் முழுவதிலும் வெளிப்படுகிறது. இந்நோய்க்கு ‘முன்சூல்வலிப்பு’ என்று பெயர். 20 வாரங்களுக்குப் பின் புதிதாக இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, அத்துடன் சிறுநீரில் புரதம் வெளியேறுவதோ, கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தத் தட்டுகள் ஆகியவற்றுள் ஏதேனும் பாதிக்கப்படுவதோ இதன் அடையாளம். மேல் எண் 160ஐ அல்லது கீழ் எண் 110ஐ எட்டினால் அது கடுமையான நிலை. வலிப்பு வந்துவிட்டால் அது ‘சூல்வலிப்பு’.

நஞ்சுக்கொடியில் உண்டான குறை தாயின் சிறுநீரகத்தையும் கண்ணையும் மூளையையும் எவ்வாறு எட்டுகிறது என்பது நெடுங்காலம் விளங்காமலிருந்தது. இதில் பெரிய திறப்பை உண்டாக்கியவர்களுள் முதன்மையானவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் சிறுநீரக மருத்துவராகப் பணியாற்றும் ஆனந்த் கருமாஞ்சி. நோயுற்ற பெண்களின் நஞ்சுக்கொடி ‘எஸ்ஃப்ளிட்-1’ என்னும் புரதத்தை அளவுக்கு மீறிச் சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கவிடுகிறது என்று பாஸ்டனில் அவரது குழு 2003இல் காட்டியது. இரத்தக் குழாய்களின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் ஒற்றைக் கல அடுக்கான ‘அகப்படலம்’ நலமாக இருக்கச் சில வளர்ச்சிப் புரதங்கள் வேண்டும். எஸ்ஃப்ளிட்-1 அவற்றைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடுகிறது. இது தற்செயலாக உடன் காணப்படுவதா, நோய்க்குக் காரணமா என்ற கேள்விக்கு எலிகள் விடை தந்தன. இப்புரதத்தை மிகுதியாக உண்டாக்கும் மரபணுவைச் சினை எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றின் இரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகத்தில் மனித நோயாளிகளிடம் காணப்படும் அதே மாற்றம் தோன்றியது. சினையற்ற எலிகளுக்குச் செலுத்தியபோதும் அழுத்தமும் புரதமும் கூடின. அதே வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைப் பெறுவோரிடமும் இரத்த அழுத்தமும் சிறுநீர்ப் புரதமும் கூடுவது, வேறொரு திசையிலிருந்து வந்து சேர்ந்த சான்று.

அகப்படலம் கெட்டால் இரண்டு தீங்குகள் ஒருசேர நேர்கின்றன. குழாயைத் தளர்த்தும் பொருள்களைச் சுரக்கும் வேலை குன்றுவதால் நுண்தமனிகள் இறுகுகின்றன. பெருவிரல் குழாயின் வாயை அடைப்பதைப் போல் அழுத்தம் ஏறுகிறது. அத்துடன் அகப்படலம் ஓட்டை விழுந்த சல்லடையாகிவிடுவதால், இரத்தத்தின் நீர்ப்பகுதியும் அதிலுள்ள ஆல்புமின் என்னும் புரதமும் குழாயை விட்டுத் திசுக்களுக்குள் கசிகின்றன. இரத்தத்தில் கரைந்துள்ள புரதங்களே நீரைக் குழாய்க்குள் இழுத்துப் பிடித்து வைத்திருப்பவை. இந்த இழுவிசையைப் ‘புரத ஈர்ப்பழுத்தம்’ எனலாம். நலமான கர்ப்பத்திலேயே நீர் கூடி இரத்தம் நெகிழ்வதால் இந்த விசை சற்றுக் குறைகிறது. கிளார்க்கின் ஆய்வில் அது 20.8இலிருந்து 18 மி.மீ. பாதரசத்துக்கு இறங்கியிருந்தது. முன்சூல்வலிப்பிலோ கசிவாலும் சிறுநீரில் போகும் இழப்பாலும் அது மேலும் விழுகிறது.

முகம் உப்பி, விரல் மோதிரம் கழற்ற முடியாமல் இறுகி, காலில் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு நீர் கோத்திருக்கும் பெண்ணின் உடலில் நீர் மிகுதி என்பதில் ஐயமில்லை. ஆனால் அவளுடைய இரத்தக் குழாய்களுக்குள் இருக்கும் நீர் நலமான கர்ப்பிணியிடம் இருப்பதைக் காட்டிலும் குறைவு. இரத்தம் கெட்டிப்பட்டு, சிவப்பணுக்களின் விகிதம் கூடிக் காட்டுவது இதனால்தான். கரையெல்லாம் சேறும் சகதியுமாக இருக்க, வாய்க்காலின் நடுவே நீர் வற்றிக் கிடப்பதைப் போன்ற நிலை இது. வீக்கத்தைக் கண்டு நீர் பிரிக்கும் மருந்தைக் கொடுத்தால், ஏற்கெனவே குறைந்திருக்கும் குழாய் நீர் மேலும் குறைந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தம் தடைபடலாம். குழாய் வற்றியிருக்கிறதே என்று சலைன் பாட்டில்களை ஏற்றினாலோ, கரை உடைந்த வாய்க்காலில் விட்ட நீர் வயலுக்குள் பாய்வதைப் போல அது நுரையீரலின் காற்றறைகளுக்குள் கசிந்து, மூச்சு விடவியலாத ‘நுரையீரல் நீர்க்கோப்பு’ என்னும் நிலையை உண்டாக்கலாம். பிரிட்டனில் தாய்மார் இறப்பு ஒவ்வொன்றையும் பெயர் வெளியிடாமல் ஆராய்ந்து அறிக்கையிடும் மரபு 1952இல் தொடங்கியது. முன்சூல்வலிப்பால் இறந்த பெண்களுள் கணிசமானோர் நுரையீரலில் நீர் கோத்து இறந்ததையும், கவனமின்றி ஏற்றிய நீர் அதற்குத் துணைபோனதையும் அந்த அறிக்கைகள் சுட்டிக்காட்டிய பிறகே, எல்லாம் சேர்த்து மணிக்கு ஏறக்குறைய 80 மி.லி.க்கு மேல் நீர் ஏற்றக் கூடாது என்ற கட்டுப்பாடு அங்கு நடைமுறைக்கு வந்தது. விலை உயர்ந்த எந்தக் கருவியும் இல்லாமல் உயிர்களைக் காத்த அளவை இது.

அழுத்தம் 160ஐ எட்டும்போது மருத்துவமனை முழுவதும் ஏன் பரபரக்க வேண்டும் என்பதற்கு மூளையே காரணம். மூளையின் தமனிகள், உள்ளே வரும் அழுத்தம் ஏறினால் தாமே சுருங்கியும் இறங்கினால் தாமே விரிந்தும் இரத்த ஓட்டத்தை ஒரே சீராக வைத்துக்கொள்கின்றன. இந்தத் தன்னொழுங்குக்கு ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் மதகு பிய்த்துக்கொண்டதைப் போல இரத்தம் மெல்லிய குழாய்களுக்குள் பாய்ந்து, நீர் கசிந்து மூளை வீங்குகிறது, அல்லது குழாயே வெடிக்கிறது. அகப்படலம் கெட்டவர்களுக்கு இந்த எல்லை இயல்பைவிடக் கீழேயே வந்துவிடுகிறது. முன்பு மருத்துவர்கள் கீழ் எண் 110ஐத் தொடுகிறதா என்பதையே பெரிதும் கவனித்தனர். அமெரிக்காவில் ஜேம்ஸ் மார்ட்டின் குழுவினர், இந்நோயின்போது பக்கவாதம் கண்ட 28 பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005இல் வெளியிட்டனர். பக்கவாதத்துக்கு முன் அளந்த அழுத்தம் பதிவாகியிருந்த 24 பேருள் 23 பேருக்கு மேல் எண் 160ஐ எட்டியிருந்தது. கீழ் எண் 110ஐ எட்டியிருந்தவர்கள் மூவர் மட்டுமே. கீழ் எண்ணுக்காகக் காத்திருந்தால் மற்றவர்களுக்கு மருந்து தொடங்கியே இராது. இன்று மேல் எண் 160 ஆகி, பதினைந்து நிமிடங்களில் மறுபடி அளந்தும் இறங்காமல் நின்றால், 30 முதல் 60 நிமிடங்களுக்குள் மருந்து உள்ளே போக வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வலியுறுத்துவதற்கு இத்தகைய சான்றுகளே அடிப்படை.

அப்படியானால் அந்த 160 சரியாக அளக்கப்பட்டதா என்பது உயிர்க் கேள்வியாகிறது. 1733இல் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரியார், குதிரையின் தமனியில் குழாயைப் பொருத்தி, நிமிர்த்திய கண்ணாடிக் குழலில் இரத்தம் எட்டடிக்கு மேல் எழுந்ததை எழுதிவைத்தார். அழுத்தம் என்பது இரத்தத்தை எவ்வளவு உயரத்துக்குத் தூக்கவல்லது என்பதே என இந்தக் காட்சி விளக்கிவிடுகிறது. மேற்கையில் காற்றுப் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896இல் தந்தார். பட்டைக்குக் கீழே காதுக்குழல் வைத்துத் துடிப்பொலியைக் கேட்கலாம் என்பதை ரஷ்யாவின் கொரோட்கோவ் 1905இல் கண்டார். பட்டையின் இறுக்கம் தளரும்போது முதல் ஒலி கேட்கும் அளவு மேல் எண். கர்ப்பிணிகளுக்கு ஒலி மங்கும் இடத்தையா அது அறவே நிற்கும் இடத்தையா கீழ் எண்ணாகக் கொள்வது என்று நெடுங்காலம் விவாதம் நடந்து, நிற்கும் இடமே ஏற்கப்பட்டது.

பட்டையைக் கட்டுவதில் நேரும் சிறு பிழைகள் பெரிய தவறுகளாகின்றன. பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினால் அழுத்தம் இல்லாத அளவுக்குக் கூடிக் காட்டும். வளர்ந்த கருப்பை மல்லாந்து படுக்கும்போது முதுகுத்தண்டை ஒட்டிச் செல்லும் பெரிய சிரையை நசுக்கி இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைத் தடுப்பதால், கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வைப்பது வழக்கம்; அந்நிலையில் மேலே இருக்கும் வலக்கையில் பட்டையைக் கட்டி அளந்தால், கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதால் அழுத்தம் குறைத்துக் காட்டப்படும். ஒவ்வொரு 10 செ.மீ. உயரத்துக்கும் ஏறக்குறைய 7 முதல் 8 மி.மீ. குறையும், 165 என்பது 153 ஆகத் தோன்றி, அவசரம் என்று எழுத வேண்டிய இடத்தில் அமைதி என்று எழுதப்பட்டுவிடும். உட்கார வைத்தோ சாய்வாக அமர்த்தியோ, கை இதயத்தின் மட்டத்தில் இருக்கும்படி தாங்கிப் பிடித்து அளப்பதே சரி. பொத்தானை அமுக்கினால் தானே அளக்கும் கருவிகளிலும் ஒரு பொறி இருக்கிறது. அவை பட்டைக்குள் எழும் அதிர்வின் உச்சத்தைக் கண்டுபிடித்து, நலமானவர்களிடமிருந்து வகுத்த கணக்கைக் கொண்டு மேல், கீழ் எண்களை ஊகிக்கின்றன. குழாய்ச் சுவரின் தன்மை மாறியிருக்கும் முன்சூல்வலிப்பில் இந்தக் கணக்கு பல கருவிகளில் உண்மையைவிடக் குறைவாகவே விடை தருகிறது. இந்நோயாளிகளிடமே சோதித்துத் தேர்வான கருவியா என்று கேட்காமல் மருத்துவமனைகள் அதை வாங்கக் கூடாது. மருந்து தொடர்ந்து சொட்ட வேண்டிய கடுமையான நிலையில், மணிக்கட்டுத் தமனிக்குள் நுண்குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்பின் அழுத்தத்தையும் திரையில் காண்பதே நம்பகமானது.

எண்ணுக்குப் பின்னாலுள்ள மூன்றையும் தனித்தனியே அளக்கும் ஆசை 20ஆம் நூற்றாண்டு முழுவதும் தொடர்ந்தது. 1929இல் ஜெர்மனியின் எபெர்ஸ்வால்டே நகரில் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்னும் இளம் மருத்துவர் தம் கைச் சிரை வழியாகத் தாமே ஒரு நுண்குழாயைச் செலுத்தி, அது இதயத்துக்குள் இருப்பதை எக்ஸ்ரே படத்தில் காட்டினார். 1956இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் செடார்ஸ் மருத்துவமனையில் ஜெரமி ஸ்வான், வில்லியம் கான்ஸ் இருவரும் நுனியில் சிறு பலூன் பொருத்திய நுண்குழாயை அறிமுகப்படுத்தினர். கடலில் பாய்மரம் காற்றை வாங்கிச் செல்வதைக் கண்டபோது இந்த எண்ணம் பிறந்ததாக ஸ்வான் பின்னாளில் கூறியிருக்கிறார். பலூன் இரத்த ஓட்டத்தில் மிதந்து, இதயத்தின் வலப்புற அறைகளைக் கடந்து, நுரையீரல் தமனியின் ஒரு கிளையில் போய்ச் செருகிக்கொள்ளும். மதகை அடைத்தால் அதற்கு அப்பால் வாய்க்காலில் நின்றுபோன நீர் கடைக்கோடியிலுள்ள குளத்தின் மட்டத்தோடு ஒன்றிவிடுவதைப் போல, பலூனுக்கு அப்பால் அசையாது நிற்கும் இரத்தத்தின் அழுத்தம் இதயத்தின் இடப்பக்க அறையிலுள்ள அழுத்தத்தைக் காட்டும். நுரையீரலில் நீர் கோக்குமா என்பதை இந்த அளவே பெரிதும் தீர்மானிக்கிறது. அதே குழாய் வழியே அளவறிந்த குளிர்நீரைச் செலுத்தி, கீழோட்டத்தில் இரத்தம் எவ்வளவு குளிர்ந்து எவ்வளவு நேரத்தில் பழைய சூட்டுக்குத் திரும்புகிறது என்று பார்த்தால், ஓட்டம் விரைவா மந்தமா என்பது தெரிந்து இதய வெளியீட்டைக் கணக்கிடலாம்.

இந்தக் கருவியை முன்சூல்வலிப்பு நோயாளிகளிடம் பயன்படுத்தியபோது முரண்பட்ட விடைகள் வந்தன. அமெரிக்காவில் டேவிட் காட்டன் குழுவினர் 1988இல் 45 பெண்களிடம் கண்டதை வெளியிட்டபோது, பலருடைய இதயம் மிகுந்த வேகத்துடன் இயங்குவதையும், ஆளுக்கு ஆள் அளவுகள் பெரிதும் மாறுபடுவதையும் காட்டினர். நெதர்லாந்தின் ரோட்டர்டாமில் விசர், வாலன்பர்க் இருவரும் 1991இல், மருந்தோ சலைனோ இன்னும் தொடங்கப்படாத 87 பெண்களிடம் அளந்தபோது இதய வெளியீடு குறைந்தும், குழாய்த் தடை மிகுந்தும் இருந்தன. ஏற்கெனவே சிகிச்சை பெற்றவர்களிடம் அதே குழு அளந்தபோது விடைகள் பல திசைகளில் சிதறின. முரண்பாட்டின் பெரும் பகுதி இங்கேதான் அவிழ்கிறது: சலைனும் மருந்தும் இரத்த ஓட்டத்தையே மாற்றிவிடுவதால், முதல் குழுவினர் அளந்தது நோயும் சிகிச்சையும் கலந்த கலவையை. அளக்கும் நேரத்தைச் சொல்லாத அளவு பயனற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு மருத்துவத்தில் அரிது. கழுத்துச் சிரையில் குழாய் வைத்து இதயத்தின் வலப்பக்க அழுத்தத்தை மட்டும் அளந்து இடப்பக்கத்தை ஊகிக்கும் எளிய வழி இந்நோயில் ஏமாற்றும் என்பதும் இந்த ஆய்வுகளின் வழி தெளிவாயிற்று.

இவ்வளவு அறிவைத் தந்த ஸ்வான்-கான்ஸ் குழாய் நோயாளிக்கு நன்மை செய்ததா என்பது வேறு கேள்வி. குழாய் செலுத்தும்போது இதயத் துடிப்பு தடுமாறலாம், நுரையீரல் புண்படலாம், கிருமி தொற்றலாம், தமனியே கிழியலாம். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 5,735 பேரைப் பற்றி ஆல்பிரட் கானர்ஸ் குழுவினர் 1996இல் வெளியிட்ட ஆய்வு, இக்குழாய் பொருத்தப்பட்டவர்களிடம் இறப்பு மிகுதி என்று கூறி அதிர்ச்சியளித்தது. 2005இல் பிரிட்டனில் 1,041 பேரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய சோதனை, குழாயால் நன்மையும் இல்லை, இறப்பு கூடவும் இல்லை என்று காட்டியது. கர்ப்பிணிகளிடம் அத்தகைய குலுக்கல் சோதனை நடக்கவே இல்லை. ஆகவே இன்று, இதயநோய் உடனிருப்பது போன்ற அரிய நிலைகளைத் தவிர, முன்சூல்வலிப்புக்கு இக்குழாயைச் செலுத்துவதில்லை. இது சரியான முடிவு. ஓர் அளவு எவ்வளவு நுட்பமானதாயினும், அதைக் கண்டபின் மருத்துவர் செய்யும் செயல் மாறி, அந்த மாற்றத்தால் தாய் பிழைத்தால்தான் அதை அளக்கும் ஆபத்துக்குப் பொருள் உண்டு.

அந்த இடத்தை ஒலி பிடித்துக்கொண்டது. நெருங்கி வரும் ரயிலின் ஊதல் கூர்மையாகவும், விலகிச் செல்லும்போது தடித்தும் கேட்பதன் காரணத்தை 1842இல் கிறிஸ்டியன் டாப்ளர் விளக்கினார். காதுக்குக் கேளாத ஒலியை ஓடும் இரத்தத்தின் மீது செலுத்தி, திரும்பும் எதிரொலியின் மாற்றத்தைக் கொண்டு இரத்தத்தின் வேகத்தை அறியலாம். இதயத்தின் இடது கீழறையிலிருந்து இரத்தம் வெளியேறும் வாயின் பரப்பு, ஒரு துடிப்பில் இரத்தம் முன்னேறும் தூரம், நிமிடத்தின் துடிப்பெண்ணிக்கை ஆகிய மூன்றையும் எக்கோ ஸ்கேனில் பார்த்து இதய வெளியீட்டைக் கணக்கிடலாம். இதயத் தசை தடித்திருக்கிறதா, விரிய மறுக்கிறதா என்பதையும் அதே ஸ்கேன் காட்டும். நெஞ்சின் மேல் கருவியை வைத்தால் காற்று நிறைந்த நுரையீரல் ஒரு மாதிரியும், நீர் கோத்த நுரையீரல் வால்நட்சத்திரம் போன்ற செங்குத்துக் கோடுகளாகவும் தெரிவதால், மூச்சுத்திணறல் தொடங்குமுன்பே நீர் சேர்வதைக் கண்டு சலைனை நிறுத்திவிடலாம். தாயின் உடலுக்குள் எதுவும் நுழைவதில்லை என்பதே இதன் பெருமை.

இவ்வாறு பார்த்ததில் ஒரே பெயருள்ள இந்நோய்க்குள் குறைந்தது இரண்டு உருவங்கள் இருப்பது தெரிகிறது. 34 வாரங்களுக்கு முன்பே வந்து, பிள்ளையும் எடை குறைந்திருக்கும் பெண்களிடம் பெரும்பாலும் தடை மிகுந்து வெளியீடு குன்றியிருக்கிறது; காலம் கனிந்தபின், பெரும்பாலும் உடல் பருத்தவர்களிடம் வருவதில் வெளியீடு மிகுந்திருப்பதைக் காணலாம். அவசரத்துக்குக் கையாளும் மருந்துகளுள் லேபிடலால் இதயத் துடிப்பைத் தணித்துக் குழாயையும் தளர்த்துகிறது. நிஃபெடிபினும் ஹைட்ரலசினும் குழாயை விரிக்கின்றன. விரலை எடுப்பதா மோட்டாரைத் தணிப்பதா என்று ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது அறிவுக்குப் பொருந்துவதாகத் தோன்றினாலும், வழிகாட்டு நெறிகள் மூன்றையுமே ஏற்கின்றன. மிகப் பொருத்தமான மருந்துக்காகக் காத்திருப்பதைவிட, கையிலுள்ள மருந்தைக் காலத்தில் கொடுப்பதே மேல். அழுத்தத்தை ஒரேயடியாக இறக்குவதும் தீங்கு. நஞ்சுக்கொடிக்கு மூளையைப் போன்ற தன்னொழுங்கு இல்லாததால், தாயின் அழுத்தம் சரிந்தால் பிள்ளைக்குப் போகும் இரத்தமும் உடனே சரியும். அதனால்தான் அழுத்தத்தை 140 அளவுக்கு மெல்ல இறக்கி, அதே வேளையில் பிள்ளையின் இதயத் துடிப்பையும் பதிவு செய்கின்றனர்.

வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் கொடுக்கப்படுகிறது. 33 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ‘மேக்பை’ சோதனை, இது சூல்வலிப்பு வரும் வாய்ப்பைப் பாதிக்கும் மேலாகக் குறைப்பதை நிறுவியது. இம்மருந்து உடலை விட்டு வெளியேறச் சிறுநீரகம் மட்டுமே வழி. இந்நோயில் சிறுநீரகமே தளர்ந்திருப்பதால் அளவு மீறும் ஆபத்து உண்டு. அதைக் கண்டறியச் செவிலியர் கையிலுள்ள சிறு சுத்தியல் போதும். முழங்காற்சில்லுக்குக் கீழே மெல்லத் தட்டினால் கால் துள்ள வேண்டும். மக்னீசியம் ஏறும்போது முதலில் இந்தத் துள்ளல் நின்றுவிடும், மூச்சு தளர்வது அதற்குப் பிறகே. எனவே துள்ளல் இருக்கிறதா, நிமிடத்துக்கு மூச்சு 12க்குக் குறையாமல் இருக்கிறதா, மணிக்குச் சிறுநீர் 25 முதல் 30 மி.லி.யாவது இறங்குகிறதா என்று பார்த்து எழுதிவந்தால், நஞ்சாகுமுன்பே மருந்தை நிறுத்தி, மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கொடுக்க முடியும். சிறுநீர் குறைவதைக் கண்டு அதைத் துரத்திக்கொண்டு சலைன் ஏற்றுவது மட்டும் கூடாது. பிள்ளை பிறந்த முதல் நாளில் சிறுநீர் குறைந்து, பின் தானே பெருகுவது வழக்கம்.

இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரல் நுனியில் மாட்டும் ஆக்சிமீட்டரும் அந்தச் சுத்தியலைப் போல எளிய கருவியே. இதன் தத்துவத்தை 1970களில் ஜப்பானின் தக்குவோ அவோயாகி கண்டார். முன்சூல்வலிப்பில் யாருக்குப் பெரிய சிக்கல் வரும் என்று கணிக்க 2011இல் வெளியிடப்பட்ட ‘ஃபுல்பியர்ஸ்’ கணக்கில் கர்ப்ப வாரம், நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், இரத்தத் தட்டு எண்ணிக்கை, சிறுநீரக, கல்லீரல் சோதனைகள் ஆகியவற்றோடு ஆக்சிஜன் அளவும் இடம்பெற்றிருக்கிறது. இரத்த அழுத்தம் அதில் இல்லை என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. அழுத்தம் நோயை அறிவிக்கும். அது எந்த உறுப்பைப் பிடித்திருக்கிறது என்பதை மற்ற அளவுகளே சொல்லும். மருத்துவரில்லாத கிராமங்களுக்காக இலண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் உருவாக்கிய ‘கிரேடில்’ கருவி, அழுத்தத்தையும் துடிப்பையும் அளந்து, சாலைச் சந்திப்பின் விளக்குகளைப் போலப் பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளிகளால் தாயின் நிலையைக் காட்டுகிறது; மேல் எண் 160 அல்லது கீழ் எண் 110 ஆனால் சிவப்பு எரியும். ஆப்பிரிக்க நாடுகளிலும் இந்தியாவிலும் ஹைட்டியிலும் இது சோதிக்கப்பட்டிருக்கிறது.

பிள்ளையும் நஞ்சுக்கொடியும் வெளியேறுவதே இந்நோய்க்கு உண்மையான தீர்வு என்றாலும், ஆபத்து அந்த நிமிடத்திலேயே விலகிவிடுவதில்லை. கருப்பை சுருங்கும்போது அதற்குள் இருந்த இரத்தம் தாயின் பொதுச் சுற்றோட்டத்துக்குத் திரும்புகிறது, அழுந்தியிருந்த பெரிய சிரை விடுபடுகிறது. பின்வரும் நாட்களில் திசுக்களில் கோத்திருந்த நீரும் குழாய்க்குள் மீள்கிறது. புரத ஈர்ப்பழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கும் அதே நேரத்தில் இந்த வெள்ளம் வருவதால், நுரையீரல் நீர்க்கோப்பு பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிந்திய மூன்று நாட்களுக்குள் நேர்கிறது. இரத்த அழுத்தமோ மூன்றாம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில்தான் உச்சத்தைத் தொடுகிறது. தாயும் சேயும் வீடு திரும்பி, உறவினர் அனைவரின் கண்ணும் குழந்தையின் மேல் இருக்கும் நாட்கள் அவை. அந்த வாரத்தில் தாய்க்கு விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, படுத்தால் மூச்சு முட்டுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும், தூக்கமின்மை என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று இரத்த அழுத்தத்தை அளக்க வேண்டும்; எந்த அறிகுறியும் இல்லாவிட்டாலும் கடுமையான அழுத்தம் இருந்த தாய்க்கு மூன்று நாட்களுக்குள் ஒருமுறையும், பத்து நாட்களுக்குள் மறுமுறையும் அளந்தே ஆக வேண்டும்.